பத்துப் பொற்காசுக்கு ஒரு தோல் கவசம்!

வாலாஜா ரோடு டு வாணியம்பாடி... கேரக்டர் உருவாக்க ஒரு நாள் ட்ரிப்!

பேரு, இனம், பின்னணி, தொழில், கவசம். அஞ்சு பெட்டி. அஞ்சையும் க்ளிக் பண்ணினா ஒரு ஆள் ரெடி!

உங்க ஹாஸ்டல்லயும் இந்தக் கூட்டம் இருக்கலாம். சனிக்கிழமை ராத்திரி, நடுவுல ஒரு பெட்ஷீட், அது மேல இருபது பக்கம் உள்ள பகடை, சுத்தி அஞ்சு பேர். ஒருத்தர் கதை சொல்வார். மத்தவங்க ஆளுக்கொரு கேரக்டரா மாறி, 'நான் கதவை உடைக்கிறேன்', 'நான் சுவர் ஏறிக் குதிக்கிறேன்'னு பேசுவாங்க. கதவு உடைஞ்சுதா, குதிச்சவர் கால் உடைஞ்சுதான்னு பகடை முடிவு பண்ணும். இதுதான் டேபிள்டாப் ரோல்பிளேயிங். பாதி தெருக்கூத்து, பாதி தாயக்கட்டை!

1974-ல் அமெரிக்காவுல கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன்னு ரெண்டு பேர் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'தான் இந்த வகை விளையாட்டுக்கெல்லாம் மூத்த அண்ணன். அப்போ கேரக்டர் உருவாக்கணும்னா பேப்பர், பென்சில், நிறைய ரப்பர் வேணும். ஒரு எண்ணை மாத்தினா அதோட சேர்ந்த அஞ்சு எண்ணை அழிச்சு எழுதணும். இந்தத் தலைவலிக்குக் கம்ப்யூட்டர் மாத்திரை வந்துச்சு. 2000-ல் வந்த மூன்றாம் பதிப்புப் புத்தகத்தோடயே கேரக்டர் உருவாக்குற சிடி ஒண்ணைச் சேர்த்துக் கொடுத்தாங்க. 'பிசிஜென்'னு ஜாவாவுல எழுதின இலவச மென்பொருளை ஆர்வலர்களே சேர்ந்து வளர்த்தாங்க. 2017-ல் 'டி அண்ட் டி பியாண்ட்' வந்துச்சு. பிரவுசரைத் திற, க்ளிக் பண்ணு, முடிஞ்சுது! 2022-ல் அதை ஹாஸ்ப்ரோ கம்பெனி 14.63 கோடி டாலருக்கு வாங்கினப்போதான், பெட்டி நிரப்புறது எவ்வளவு பெரிய பிசினஸ்னு உலகத்துக்குப் புரிஞ்சுது.

சரி, கவசப் பெட்டிக்கு வருவோம். அங்கே 'லெதர் ஆர்மர்'னு ஒரு வரி இருக்கும். எடை 10 பவுண்டு, விலை 10 பொற்காசு. புதுசா ஆட வர்றவங்க நிறைய பேர் யோசிக்காம அதை க்ளிக் பண்ணுவாங்க. அந்தத் தோல் எங்கேர்ந்து வருது? மென்பொருள் சொல்லாது. சென்னையிலேர்ந்து ஜோலார்பேட்டை பக்கம் போற ரயில்ல ஏறினா தெரிஞ்சுக்கலாம்.

வாங்க, ஒரு நாள் ட்ரிப். போற வழியிலேயே ஒரு கேரக்டரையும் உருவாக்கிடுவோம். பேரு கோமதி. முதல் பெட்டி ஓவர்!

ரயில்ல: எண்கள்

அரக்கோணம் தாண்டுறதுக்குள்ள கோமதியோட எண்களைப் போட்டுடலாம். பலம், லாவகம், உடல் உறுதி, புத்தி, விவேகம், வசீகரம்னு ஆறு குணம். பழைய முறையில ஒவ்வொண்ணுக்கும் மூணு பகடையை உருட்டிக் கூட்டணும். அதிகபட்சம் 18. அது விழ 216-ல் ஒரு வாய்ப்புதான். நம்ம தாயக்கட்டையில தாயம் விழ எட்டுல ஒரு வாய்ப்பு இருக்கு. அதுக்கே பாட்டிங்க எத்தனை சாமியைக் கூப்பிடுவாங்க!

அதிர்ஷ்டத்தை நம்பாதவங்களுக்கு 15, 14, 13, 12, 10, 8-னு ஆறு எண்ணை அப்படியே கொடுத்துடுவாங்க. நாம பிரிச்சு வெச்சுக்கலாம். கோமதிக்கு 15-ஐ லாவகத்துல வைப்போம். தொழில், 'ரோக்'. அதாவது சத்தமில்லாம உள்ளே போய் சத்தமில்லாம வெளியே வர்ற ஆள். மீதிக் கணக்கை மென்பொருளே போட்டுக்கும். ஒரு எண்ணைத் தொட்டா பத்து எண் தானா மாறும். அதுதான் இந்த மென்பொருளோட மொத்த வித்தையும். இதை ஞாபகம் வெச்சுக்குங்க, ஆம்பூர்ல வேணும்.

வாலாஜா ரோடு: கவசம்

ராணிப்பேட்டைக்கு இங்கேதான் இறங்கணும். 2019-ல் பழைய வேலூர் மாவட்டத்தை வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர்னு மூணாப் பிரிச்சாங்க. ஆனா தோல் தொழிலுக்கு மாவட்ட எல்லை தெரியாது. பாலாற்றை ஒட்டி ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடின்னு ஒரு பெல்ட் மாதிரியே நீண்டு கிடக்கு.

டேனரிக்குள்ள என்ன நடக்குது? உப்பு போட்டு வர்ற பச்சைத் தோலை முதல்ல தண்ணியில ஊற வைப்பாங்க. அப்புறம் சுண்ணாம்பு. முடி போகும், உள்பக்கம் ஒட்டியிருக்கிற சதையைச் சீவி எடுப்பாங்க. அடுத்ததுதான் பதனிடுறது. இதுக்கு ரெண்டு வழி. பழைய வழியில ஆவாரம்பட்டை, கடுக்காய் மாதிரி தாவரச் சரக்கு. நிதானமான வேலை, தோல் பழுப்பு நிறத்துல விறைப்பா வரும். புது வழி குரோமியம் உப்பு. பெரிய டிரம்ல போட்டுச் சுத்துவாங்க. வேலை சீக்கிரம் முடியும். தோல் ஈரமா, நீல நிறமா வெளியே வரும். அதனால அதுக்குப் பேரே 'வெட் ப்ளூ'தான்.

கோமதிக்கு எது? எண்ணெயில கொதிக்க வெச்சுக் கெட்டியாக்கின தோல்தான் கவசம்னு விளையாட்டுப் புத்தகம் சொல்லுது. குரோம் தோல் மெத்துன்னு இருக்கும், ஷூவுக்கு அருமை. விறைப்பா நிக்கணும்னா தாவரச் சரக்குல பதனிட்ட தோல்தான் சரிப்படும். ஆக, கோமதியோட கவசம் ஆவாரம்பட்டைக் கவசம். எழுதிக்குங்க.

இப்போ விலை. ஒரு கிலோ தோலைப் பதனிட்டு முடிக்கச் சுமார் 35 லிட்டர் தண்ணி ஆகுதுன்னு 1996-ல் சுப்ரீம் கோர்ட் தன்னோட தீர்ப்புல பதிவு பண்ணியிருக்கு. 10 பவுண்டு கவசம்னா நாலரை கிலோ. பெருக்கிப் பாருங்க, கிட்டத்தட்ட 160 லிட்டர். பத்துப் பொற்காசுல இந்தத் தண்ணிக்கான காசு சேருமா?

ராணிப்பேட்டை இதுக்குக் கொடுத்த விலை பெருசு. மூடிட்டுப் போன ஒரு குரோமேட் ஆலையோட கழிவு, லட்சம் டன்னுக்கு மேல, மலை மாதிரி வருஷக்கணக்கா இங்கே குவிஞ்சு கிடந்தது. 2015 ஜனவரி 31 அதிகாலை, சிட்கோ தொழிற்பேட்டையில இருந்த பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தோட கழிவுத் தொட்டிச் சுவர் இடிஞ்சுது. பக்கத்து டேனரியில தூங்கிக்கிட்டிருந்த 10 பேர் அந்தச் சேத்துல சிக்கி இறந்துபோனாங்க. எந்த மென்பொருள்லயும் இதுக்கு ஒரு பெட்டி கிடையாது.

காட்பாடி: தொப்பி

அடுத்த ரயிலைப் பிடிச்சுக் காட்பாடியில இறங்குங்க. அங்கேர்ந்து பஸ்ல வேலூர் கோட்டை. கருங்கல் சுவர், சுத்தி அகழி, ஒரே வளாகத்துக்குள்ள ஜலகண்டேஸ்வரர் கோயில், மசூதி, சர்ச். உள்ளே இருக்கிற அரசு அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை லீவு, பார்த்து வாங்க.

இந்தக் கோட்டையை ஒரு கேரக்டர் ஷீட்டாவே படிக்கலாம். 1805 நவம்பர்ல சென்னைப் படைத் தளபதி சர் ஜான் கிராடக், சிப்பாய்களோட ஷீட்ல சில பெட்டிகளை மாத்தி எழுதினார். நெத்தியில திருநீறோ நாமமோ கூடாது. காதுல கடுக்கன் கூடாது. தாடியை எடு, மீசையை ஒரே அளவா வெட்டு. பழைய தலைப்பாகையைக் கழட்டிட்டுத் தொப்பி மாதிரி ஒரு புதுத் தலைப்பாகையைப் போடு. அதுல குத்தியிருந்த சின்னம் எதால ஆனது தெரியுமா? தோல்!

மாட்டுத் தோலா, பன்னித் தோலா? ஒண்ணு இந்துக்களுக்கு ஆகாது, இன்னொண்ணு முஸ்லிம்களுக்கு ஆகாது. எதிர்த்துப் பேசினவங்க சென்னைக்கு அனுப்பப்பட்டாங்க. ஒரு இந்து, ஒரு முஸ்லிம், ரெண்டு பேருக்கும் கசையடி, வேலையும் போச்சு.

1806 ஜூலை 10 விடியறதுக்கு முன்னாடி கோட்டை வெடிச்சுது. 69-வது ரெஜிமெண்ட்டோட ஆங்கிலேய வீரர்கள் நூத்துக்கும் மேல கொல்லப்பட்டாங்க. கோட்டையில காவல்ல இருந்த திப்பு சுல்தான் குடும்பத்தோட புலிக்கொடி மேலே ஏறுச்சு. சில மணி நேரம்தான். ஆற்காட்டிலேர்ந்து கில்லெஸ்பி குதிரைப்படையோட வந்து சேர்ந்தார். அப்புறம் விழுந்த சிப்பாய்கள் சில நூறு பேர். அதுல சுமார் நூறு பேரைச் சுவர் ஓரமா நிக்க வெச்சுச் சுட்டாங்க. 1857-க்கு 51 வருஷம் முந்தைய கதை இது!

காரணம் தொப்பி மட்டும் இல்லை. சம்பளம், மரியாதை, திப்பு குடும்பம்னு நிறைய இருந்துச்சு. ஆனா தீக்குச்சி அந்தத் தொப்பிதான். கடைசியில அந்த உத்தரவு வாபஸ். தளபதி கிராடக், கவர்னர் வில்லியம் பென்டிங் ரெண்டு பேரையும் லண்டன் திரும்பக் கூப்பிட்டுக்கிச்சு. என்ன உடுத்தணும்ங்கிற பெட்டியை அடுத்தவன் நிரப்பினா என்ன ஆகும்ங்கிறதுக்கு இந்தக் கோட்டைதான் சாட்சி. மென்பொருள்ல அது ஒரு க்ளிக். இங்கே அது உயிர்.

கோமதி தலையில என்ன வைக்கலாம்? அவளையே கேட்டுக்கலாம். இப்போதைக்குக் காலியா விடுங்க.

ஆம்பூர்: கருவி

காட்பாடியிலேர்ந்து முக்கால் மணி நேரத்துல ஆம்பூர். முதல்ல சாப்பாடு! சீரக சம்பா பிரியாணி, தொட்டுக்கக் கத்திரிக்காய். பாஸ்மதி ரசிகர்கள் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கிட்டு சாப்பிடவும்.

பிரியாணிக்கு நிகரா ஆம்பூருக்கு இன்னொரு பேர், ஷூ. 1970-களில் மத்திய அரசு, பாதி பதனிட்ட தோலை அப்படியே கப்பலேத்துறதைக் கட்டுப்படுத்தி, முழுசா முடிச்ச தோலாவும் பொருளாவும் அனுப்பச் சொல்லித் திருப்பி விட்டுச்சு. டேனரிகளுக்குப் பக்கத்துலயே ஷூ ஃபேக்டரிகள் வளர்ந்தது அப்படித்தான். தெரியாத ஃபேக்டரி கேட்ல போய் எட்டிப் பார்க்காதீங்க. டிபார்ட்மெண்ட் மூலமா இண்டஸ்ட்ரியல் விசிட் கேட்டு வாங்குங்க.

அங்கே டிசைன் ரூம்ல நீங்க பார்க்கப்போறதும் ஒரு கேரக்டர் உருவாக்குற மென்பொருள்தான்! ஷூவுக்கு முதல் ஆதாரம் 'லாஸ்ட்'. காலோட வடிவத்துல இருக்கிற அச்சு. அது மேல டேப்பைச் சுத்தி ஒட்டி, பென்சில்ல டிசைன் வரைஞ்சு, டேப்பை வெட்டி எடுத்துத் தட்டையா விரிச்சா பேட்டர்ன். இதைக் கம்ப்யூட்டருக்குள்ள ஏத்திட்டா மீதியை அது பார்த்துக்கும். ஒரே ஒரு சைஸுக்குச் சரியா வரைஞ்சா போதும், மத்த எல்லா சைஸும் விதிப்படி தானா வரும். ஐரோப்பிய அளவுல ஒரு சைஸுக்கு நீளம் ஒரு சென்டிமீட்டர்ல மூணுல ரெண்டு பங்கு கூடும். இங்கிலாந்து அளவுல ஒரு அங்குலத்துல மூணுல ஒரு பங்கு. ஒரு எண்ணைத் தொட்டா பத்து எண் மாறுது. ரயில்ல பார்த்த அதே வித்தை!

இந்த வேலையைப் படிக்கணுமா? சென்னை அடையாறுல 1948-ல் தொடங்கின மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கு. எஃப்.டி.டி.ஐ-யும் இருக்கு. டிகிரி முடிச்சுட்டு 'என்ன பண்றது'ன்னு முழிக்கிறவங்க விசாரிச்சுப் பாருங்க.

ஆனா திரையில பேட்டர்ன் ரெடியானதும் ஷூ ரெடி ஆகிடாது. தோலை வெட்டணும், ஓரம் சீவணும், அப்பர் தைக்கணும், அதை லாஸ்ட்ல இழுத்து மாட்டணும், சோல் ஒட்டணும். தையல் வரிசையில உட்கார்ந்திருக்கிறவங்கள்ல நிறைய பேர் பெண்கள். காலையில சுத்து வட்டார கிராமங்களிலேர்ந்து கம்பெனி பஸ்ல வந்து இறங்குவாங்க. கையால தைக்க வேண்டிய அப்பர்கள் வீட்டுக்கும் போகும். திண்ணையில, சமையல் முடிச்ச கையோட, ஜோடிக்கு இவ்வளவுன்னு கூலிக்குத் தைக்கிற அக்காக்கள் இருக்காங்க. வெளிநாட்டு ஷோரூம்ல அந்த ஷூ மேல ஒரு பிராண்ட் பேர் இருக்கும். தைச்ச அக்கா பேர் இருக்காது.

இங்கே கோமதிக்கு ரெண்டு பெட்டி நிரம்புது. பின்னணி, கைவினைஞர். கருவி, காலணி தைக்கிறவங்களோட கருவிப் பை. நிஜமாவே லிஸ்ட்ல இருக்கு, 5 பொற்காசு! 2024 விதிப்படி கைவினைஞர் பின்னணிக்குக் கிடைக்கிற போனஸ்ல 2-ஐ லாவகத்துல போட்டா 17. தோல் கவசத்தோட சேர்த்தா தற்காப்பு எண் 14. எதிரி பகடையில 14-ஐத் தொட்டாத்தான் கோமதி மேல அடி விழும். ஊசி பிடிச்ச கைக்கு அந்த லாவகம் இருக்காதா என்ன!

வாணியம்பாடி: இனம்

கடைசி ஸ்டாப், கடைசிப் பெட்டி. வேணும்னுதான் இதைக் கடைசிக்கு வெச்சோம்.

2014 பதிப்புல கேரக்டர் உருவாக்குறதே இனத்துலதான் தொடங்கும். எல்ஃபாப் பிறந்தா லாவகம் 2 கூடும். மலைக்குள்ளனாப் பிறந்தா பலம் 2 கூடும். 2016-ல் வந்த ஒரு புத்தகத்துல ஓர்க்காப் பிறந்தா புத்தி 2 குறையும்னு போட்டிருந்தாங்க. பிறந்த உடனேயே, எதுவும் படிக்கிறதுக்கு முன்னாடியே! உலகம் முழுக்க ஆடுறவங்க கேள்வி கேட்டாங்க. 2020-ல் அந்தக் கழித்தல் குறியைத் தூக்கினாங்க. 2024 பதிப்புல 'இனம்'ங்கிற சொல்லையே மாத்திட்டாங்க. போனஸ் இப்போ பிறப்புலேர்ந்து வர்றது இல்லை. நீ என்ன கத்துக்கிட்டே, என்ன வேலை செஞ்சேங்கிற பின்னணியிலேர்ந்து வருது.

வாணியம்பாடியில நின்னு இதை யோசிச்சுப் பாருங்க. பச்சைத் தோலைத் தொடுற வேலை நம்ம நாட்டுல தலைமுறை தலைமுறையா தலித் மக்கள் மேல பிறப்பாலேயே சுமத்தப்பட்டது. வேலையைக் கொடுத்ததும் இதே ஊர், அதைச் செஞ்சதுக்காகத் தள்ளி வெச்சதும் இதே ஊர். தோல் பையை ஆசையா வாங்குற கை, அதைப் பதனிட்ட கையைத் தொடத் தயங்குச்சு. 1950-ல் நம்ம அரசியலமைப்போட 17-வது பிரிவு தீண்டாமையை ஒழிச்சுது. அதுதான் நம்ம ரூல்புக் திருத்தம். தமிழ்நாட்டுல 2009-ல் அருந்ததியர்களுக்கு 3 சதவீத உள் ஒதுக்கீடு வந்துச்சு. 2024-ல் சுப்ரீம் கோர்ட்டும் அது செல்லும்னு சொல்லிடுச்சு. புத்தகம் திருந்தியாச்சு. ஆட உட்கார்ந்திருக்கிறவங்க? உங்க கிளாஸ்ல புதுசா ஒருத்தர் சேர்ந்ததும் 'நீ எந்த ஊரு, உங்கப்பா என்ன பண்றார்'னு சுத்தி வளைச்சுக் கேட்கிறோமே, அது எந்தப் பெட்டியை நிரப்பறதுக்கு?

அப்படியே பாலாறு பக்கம் போங்க. நந்தி மலையில பிறந்து, தமிழ்நாட்டுல மட்டும் 222 கிலோமீட்டர் ஓடுற ஆறு. 'ஓடுற'ங்கிறது மேப் கணக்கு. வருஷத்துல பெரும்பாலான நாள் மணல்தான். வேலூர் குடிமக்கள் நல அமைப்பு போட்ட வழக்குலதான் 1996 ஆகஸ்ட் 28-ல் அந்தத் தீர்ப்பு வந்துச்சு. டேனரிப் பகுதியில கிட்டத்தட்ட 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் ஓரளவோ முழுசாவோ பாழாயிடுச்சுன்னு வேளாண் பல்கலைக்கழக ஆய்வு சொன்னதை அதுல எடுத்துக்காட்டினாங்க. 'மாசுபடுத்தினவனே பணம் கட்டணும்'ங்கிற விதி இந்திய சட்டத்துல வேர் பிடிச்சது இந்த வழக்குலதான். லா காலேஜ் பசங்க எல்லாரும் பரீட்சைக்குப் படிக்கிற கேஸ். ஆறு இங்கே இருக்கு, வந்து பார்த்தவங்க எத்தனை பேர்? 2025 ஜனவரி 30-ல் மறுபடியும் சுப்ரீம் கோர்ட் பாலாறு பத்திப் பேசுச்சு. பாதிக்கப்பட்டவங்களுக்கு இழப்பீடு, அதை மாசுபடுத்தினவங்ககிட்ட வசூல் பண்ணணும், கண்காணிக்க ஒரு குழு. ரெண்டு தீர்ப்புக்கும் நடுவுல 28 வருஷம்!

அதே சமயம், டேனரியை மூடுன்னா மூடிடலாம். அந்தக் கம்பெனி பஸ்ல வர்ற அக்காக்கள் மறுநாள் எங்கே போவாங்க? தண்ணியும் வேணும், வேலையும் வேணும். ரெண்டுக்கும் விடை தேடுறதுதான் இந்த பெல்ட்ல இன்னிக்கு நிஜமான ஆட்டம். கெமிஸ்ட்ரி, சிவில், சட்டம், சமூகவியல்... எந்தத் துறையில இருந்தாலும் உங்களுக்கு இதுல ஒரு ரோல் காலியா இருக்கு.

ராத்திரி ரயில்ல திரும்பும்போது கோமதி ஷீட்டை ஒருமுறை பாருங்க. ரோக். கைவினைஞர். லாவகம் 17. தற்காப்பு எண் 14. ஆவாரம்பட்டைத் தோல் கவசம், காலணிக் கருவிப் பை. இவ்வளவும் மென்பொருள் ரெண்டு நிமிஷத்துல கொடுத்திருக்கும். அது கேட்காத நாலு கேள்வியைப் பின்பக்கம் பேனாவால எழுதிக்குங்க. அவ கவசத்தைப் பதனிட்டது யாரு? அதுக்குத் தண்ணி எந்த ஆத்துலேர்ந்து வந்துச்சு? தலையில என்ன வெக்கணும்னு அவளுக்கு உத்தரவு போட்டது யாரு? அவ அதுக்கு என்ன பதில் சொன்னா?

நாலுக்கும் பதில் எழுதிட்டு அடுத்த சனிக்கிழமை பெட்ஷீட்டை விரிங்க. பகடையை முதல்ல கோமதி உருட்டட்டும்!